அண்ணனின் பச்சை பெல்ட்



போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியண்ணனுக்கு மறதி நோய் வந்து மூன்று வருஷம் ஆகிறது. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஜனவரியில் ஒரு நாள் காலையில் திருநகர் வீட்டிலிருந்து கிளம்பியவரை மத்தியானம் வரை காணோம். கடைசியில் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். டிக்கெட் கேட்டவரிடம் "ஸ்டாஃப்" என்றிருக்கிறார், அவரும் விட்டுவிட்டார்! பேரன் பெயர் மறந்துவிட்டது, அது மறக்கவில்லை.

சென்னையில் இருக்கும் அண்ணன் மகன் உடனே ஜி.பி.எஸ். வாட்ச் வாங்கி அனுப்பினான். அண்ணன் அதைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டுவிட்டார். பிறகு சின்னதாக, தீப்பெட்டி அளவில் ஒன்று வாங்கி, அவர் வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டின் பர்ஸுக்குள் வைத்தோம். பெல்ட் இல்லாமல் அவர் வாசலைத் தாண்ட மாட்டார்.

"அப்பா என்ன மாடா, கழுத்தில் மணி கட்ட?" என்று குழுவில் கேட்டாள் மகள். கோபம் நியாயம்தான். ஆனால் மணி கட்டாவிட்டால் கதவைப் பூட்டுவோம், அதுதானே வழக்கமாக நடக்கிறது? பூட்டி வைத்த நாட்களில் அண்ணன் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நடந்த நாட்களில் சாப்பாடும் தூக்கமும் சரியாக இருந்தன. அதனால் நான் கருவியின் பக்கம்.

ஆனால் அதன் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். செயற்கைக்கோளைப் பார்த்து இடத்தைக் கணிக்கும், உள்ளே இருக்கும் சிம் வழியாக நமக்குச் சொல்லும். கான்கிரீட் கூரைக்குள் தடுமாறும். சார்ஜ் போட மறந்தால் வெறும் டப்பாதான். முக்கியமாக, போனில் புள்ளி தெரியும், போய்க் கூட்டிவர ஆள் வேண்டும்.

என் வருத்தம் வேறு. கருவி வந்ததிலிருந்து குடும்பத்தில் ஆறு பேர் போனில் அந்தப் புள்ளி. "மதினி, அண்ணன் ஏன் பத்து நிமிஷமா ரேஷன் கடைகிட்ட நிக்கிறாரு?" "அம்மா, அலாரம் வந்துச்சே, நீ எங்க போன?" அண்ணனைக் கண்காணிக்க வாங்கியது இப்போது மதினியைக் கண்காணிக்கிறது. அவருக்கு வயது 71, முழங்கால் வலி. நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து புள்ளி பார்ப்பவருக்குக் கேள்வி கேட்பது சுலபம்.

ஜப்பானில் ஆய்ச்சி மாகாணத்தில் 2007-ல் மறதி நோய் இருந்த 91 வயதுப் பெரியவர் தனியாக வெளியே போய் ரயிலில் அடிபட்டு இறந்தார். பக்கத்தில் இருந்த 85 வயது மனைவி கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டார். அவ்வளவுதான். ரயில் கம்பெனி அந்தக் குடும்பத்திடம் சுமார் 72 லட்சம் யென் நஷ்டஈடு கேட்டது. கீழ் நீதிமன்றங்கள் மனைவியைப் பொறுப்பாக்கின. 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் குடும்பம் தர வேண்டியதில்லை என்றது. நம் வீட்டில் வழக்கு இல்லை, ஆனால் தீர்ப்பு தினமும் வாட்ஸ்அப்பில் வருகிறது.

எனவே நான் சொன்னது இது: புள்ளி இரண்டு பேர் போனில் மட்டும் இருக்கட்டும். ஒன்று மதினி, இன்னொன்று அடுத்த தெரு அயர்ன் கடைத் தம்பி. அவரிடம் சைக்கிள் இருக்கிறது, அண்ணனும் அவர் பேச்சைக் கேட்பார். அண்ணன் மகனுக்கு முதலில் கோபம். இரண்டு நாள் கழித்து, "சரி அத்தை" என்றான்.

கருவி வைத்திருப்பதை அண்ணனிடம் தினமும் காலையில் சொல்கிறோம். மறந்துவிடுவார், மறுநாளும் சொல்கிறோம்.

எனக்கு 67 ஆகிறது. நினைவு நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்: எனக்கு அந்த நிலை வந்தால் கருவியை மாட்டுங்கள், கதவைப் பூட்டாதீர்கள். புள்ளியை என் மகள் மட்டும் பார்க்கட்டும், குழுவில் போட வேண்டாம்.

இன்னொன்று. சாயங்காலம் ஐந்தரைக்கு அண்ணனோடு நடக்க ஆள் முறை வைத்திருக்கிறோம். வியாழக்கிழமை காலியாக இருக்கிறது. திருநகர் பக்கம் இருக்கும் என் மாணவர்கள் யாருக்காவது முடிந்தால் மெசஞ்சரில் சொல்லுங்கள். பழைய பஸ் கதை நிறையக் கேட்க வேண்டியிருக்கும்.