ருவைஸ் வெயிலில் எதற்கு ஓவர்க்ளாக்கிங்?

"புது பிராசசர் வருதாமே, அதுவரைக்கும் பொறுக்கலாமா? இல்ல, இருக்கிறதையே வாங்கி ஓவர்க்ளாக் பண்ணிக்கலாமா?"

ருவைஸில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பசங்களிடம் கம்ப்யூட்டர் பேச்சை எடுத்தால், இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சிலருக்கு ரூமில் வைத்து கேம் ஆட வேண்டும். சிலருக்கு ஊரில் என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் பலருக்கு அது ஒரு மாதச் சம்பளம். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவர்க்ளாக்கிங்கும் வேண்டாம், வரப்போகும் சிப்புக்காகக் காத்திருப்பதும் வேண்டாம்.

ஓவர்க்ளாக்கிங் என்பது கம்பெனி நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி பிராசசரை ஓட்டுவது. ஒரு காலத்தில் இது நிஜமாகவே காசை மிச்சப்படுத்திய வித்தை. 1998-ல் இன்டெல்லின் செலரான் 300ஏ வந்தபோது விலை 149 டாலர். 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பை வாங்கி, மதர்போர்டில் ஒரு செட்டிங்கை மாற்றினால் 450-ல் ஓடியது. அதே வேகத்தில் கடையில் கிடைத்த பென்டியம் 2-ன் விலை அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். 2011-ல் வந்த கோர் ஐ7-2600கே-யும் அப்படித்தான். 3.4 கிகாஹெர்ட்ஸ் என்று அட்டையில் போட்டிருக்கும். சுமாரான கூலரை மாட்டினாலே 4.5-ஐத் தொட்டுவிடும்.

இன்று அந்த மிச்சத்தைக் கம்பெனியே எடுத்துக்கொண்டுவிட்டது. கோர் ஐ9-14900கே பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதற்கு மேல் நீங்கள் கசக்கிப் பிழிய என்ன இருக்கிறது? ஏஎம்டி இந்த ஆண்டு ஜனவரியில் அறிவித்த ரைசன் 7 9850எக்ஸ்3டி-யைப் பாருங்கள். ஏற்கெனவே இருந்த 9800எக்ஸ்3டி-யின் அதே எட்டு கோர்கள், அதே கேஷ். உச்ச வேகம் மட்டும் 5.2-லிருந்து 5.6 கிகாஹெர்ட்ஸ். அறிமுக விலை 479 டாலருக்குப் பதில் 499. அதாவது ஓவர்க்ளாக்கை அவர்களே செய்து, 20 டாலர் கூட வைத்து விற்கிறார்கள். அப்போது ஏழையின் வித்தையாக இருந்தது, இப்போது காசு உள்ளவர்களின் பொழுதுபோக்கு. இன்டெல்லில் அதற்குக் 'கே' என்று முடியும் சிப் வேண்டும், இசட் வரிசை மதர்போர்டு வேண்டும், பெரிய கூலரும் வேண்டும். இந்த மூன்றுக்கும் கூடுதலாகக் கொடுக்கும் காசில் அடுத்த ரக கிராபிக்ஸ் கார்டையே வாங்கிவிடலாம். கேம் ஆடுபவருக்கு அதுதான் கண்ணில் தெரிகிற வித்தியாசம்.

எல்லையைத் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய பாடமே நம் கண்முன் நடந்தது. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் பலருக்குக் காரணமே தெரியாமல் கிராஷ் ஆகிக்கொண்டிருந்தன. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதுதான் காரணம் என்று 2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வந்தது. வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது, மாற்றத்தான் வேண்டும். சிப்பைச் செய்த கம்பெனிக்கே வோல்டேஜ் கணக்கு தப்பும் என்றால், யூடியூப் வீடியோ பார்த்து வோல்டேஜ் ஏற்றும் நமக்கு?

ருவைஸ்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நாளொன்றுக்கு 8 லட்சம் பீப்பாய்க்கு மேல் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஊர் இது. ஒரு பம்ப்பை அதன் டிசைன் லிமிட்டைத் தாண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று ஷட்டவுன் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிப்பும் அப்படித்தான். அது இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்ப மட்டும் கூடுவதில்லை, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். வோல்டேஜை 10 சதவீதம் ஏற்றினால், வேகத்தைத் தொடாமலேயே மின்சாரச் செலவு 21 சதவீதம் ஏறும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும்.

அந்தச் சூடு எங்கே போகும்? நீங்கள் பார்க்கும் டெஸ்ட் வீடியோக்களில் பெரும்பாலானவை 21, 22 டிகிரி ஏசி அறையில் எடுத்தவை. அறை 16 டிகிரி கூடுதலாக இருந்தால் சிப்பும் ஏறக்குறைய அதே 16 டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று அரசாங்கமே சட்டம் போட்டிருக்கும் நாடு இது. "ரூம்லதான் ஏசி ஓடுதே" என்பீர்கள். சரி, ஒப்பந்தம் முடிந்து அந்த கம்ப்யூட்டர் போய் உட்காரப்போவது எங்கே? ராமநாதபுரத்திலோ திருநெல்வேலியிலோ மின்விசிறி மட்டும் சுற்றுகிற ஒரு அறையில். அங்கே சித்திரை மாதத்தில் அது எப்படி ஓடும் என்பதையும் சேர்த்துத்தான் இங்கே கணக்குப் போட வேண்டும்.

அதனால் நான் சொல்வது நேர் எதிர். ஏற்றாதீர்கள், இறக்குங்கள். ரைசன் சிப்புகளில் ஈகோ மோடு என்று ஒரு வசதி இருக்கிறது. இன்டெல் போர்டுகளில் பவர் லிமிட்டைக் குறைக்கலாம். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடும் சத்தமும் நன்றாகவே குறையும். ரைசன் 7 9700எக்ஸ் 65 வாட் சிப்பாக வந்தது. பிறகு வாரண்டியோடு 105 வாட் வரை ஏற்றும் வசதியை ஏஎம்டி கொடுத்தது. வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளில் கொஞ்சம் லாபம் தெரிந்தது. கேமில் பெரிதாக எதுவும் மாறவில்லை.

அடுத்தது காத்திருக்கும் விஷயம். இன்டெல்லின் நோவா லேக் 2026 கடைசியில் வரும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. வரட்டும், ஆனால் முதல் நாள் விலையில் வாங்கியவர்களின் கதையையும் பாருங்கள். 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 7 265கே-யின் அறிமுக விலை 394 டாலர். அடுத்த வருடமே 300 டாலர் பக்கம் இறங்கிவிட்டது. திர்ஹம் கணக்கில் கிட்டத்தட்ட 350 மிச்சம். சிப் பழசானால் விலை இறங்கும். ரேம் அப்படியில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால், 2025 கடைசியில் டிடிஆர்5 விலை சில மாதங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியது. மைக்ரான் தன் குரூஷியல் பிராண்டில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. சிப்பில் 50 டாலர் குறையும் என்று காத்திருந்து, ரேமில் 100 டாலர் கூடுதலாகக் கொடுப்பது என்ன கணக்கு?

டெஸ்க்டாப்தான் வேண்டும் என்றால், 2027-க்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி வாக்குக் கொடுத்திருக்கும் ஏஎம்5 போர்டில், ரைசன் 5 9600எக்ஸ் மாதிரி ஒரு நடுத்தர சிப் போதும். அறிமுக விலையை வைத்துப் பார்த்தாலே 9800எக்ஸ்3டி-க்கும் இதற்கும் 200 டாலர், அதாவது 730 திர்ஹத்துக்கு மேல் வித்தியாசம். பின்னால் வசதி வரும்போது சிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளைக்கு லேப்டாப் என்றால் ஓவர்க்ளாக் பேச்சுக்கே இடமில்லை. அங்கே ஏமாற்றுவது பெயர். ரைசன் 5 7520யு என்று பார்த்தால் 7000 வரிசை, புதுசு என்று தோன்றும். உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்லும், முதல் இலக்கம் இல்லை. ஒரே சிப்பை ஒரு கம்பெனி குறைந்த வாட்டில் மெல்லிய பெட்டியிலும், இன்னொரு கம்பெனி அதிக வாட்டில் நல்ல விசிறியோடும் விற்கும். வேகம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. ஸ்டிக்கரைப் பார்க்காமல், அந்தக் குறிப்பிட்ட மாடலின் டெஸ்ட்டைப் பாருங்கள். இன்டெல்லின் புதிய பேந்தர் லேக் வந்துவிட்டதால், போன தலைமுறை லேப்டாப்களில் தள்ளுபடி கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதும் நல்லது. ரேம் போர்டோடு ஒட்டியிருந்தால் பிறகு கூட்ட முடியாது. அப்படியென்றால் 16 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை இந்தியாவுக்குள் சுங்க வரி இல்லாமல் கொண்டுபோகலாம். டெஸ்க்டாப்புக்கு அந்தத் தனிச் சலுகை கிடையாது. லேப்டாப்போ, தனித்தனி பாகங்களோ, வாரண்டி இந்தியாவிலும் செல்லுமா என்று பில் போடும் முன்பே கேளுங்கள். செல்லாது என்றால், ரிச்சி ஸ்ட்ரீட் விலையையும் போனில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். ஓவர்க்ளாக் செய்து கெடுத்த சிப்புக்கு எந்த ஊரிலும் வாரண்டி கேட்டு நிற்பது கஷ்டம்.

வெயிலில் நின்று சம்பாதித்த காசு. பெஞ்ச்மார்க்கில் நாலு புள்ளி கூட வாங்குவதற்காக அதை எரிக்க வேண்டாம். ஐந்து வருடம் சூடாகாமல், சத்தமில்லாமல், பழுதில்லாமல் ஓடினால் அதுதான் அந்த கம்ப்யூட்டரின் மதிப்பு.