மாசி இரவில் கார்த்திகையை எண்ணுங்கள்

சிப்காட் விளக்குகள் விடிய விடிய எரியும் கும்மிடிப்பூண்டியில் நட்சத்திரமாவது, தெரிவதாவது என்று தோன்றும். தெரியும். மாசியில், நிலா இல்லாத நாளில், இரவு எட்டு மணிக்கு மொட்டைமாடியில் தெற்கு பார்த்து நின்று அண்ணாந்து பாருங்கள்.

வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அது ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை. அதற்கு இடப்புறம் மேலே சிவந்திருப்பது, ஜாதகத்தில் மட்டுமே பலருக்கும் அறிமுகமான திருவாதிரை. பட்டையை இடப்பக்கம் கீழாக நீட்டினால் சிரியஸ். அதற்கும் கீழே, தென் அடிவானத்துக்கு மேலே அகத்தியர் நட்சத்திரம். சுமார் 310 ஒளியாண்டு தள்ளியிருந்தும் இரவு வானில் பிரகாசத்தில் இரண்டாமிடம் அதற்குத்தான். லண்டனில் இருப்பவர்களுக்கு இது உதிப்பதே இல்லை!

பட்டையை எதிர்ப்பக்கம் நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகை. நல்ல இருட்டில் சாதாரணக் கண்ணுக்கே ஆறு நட்சத்திரம் தெரியும். உங்கள் மாடியில் எத்தனை? ஒருநாள் பழவேற்காடு பக்கம் போனால் அங்கும் எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் விளக்குகள் விழுங்கியது. விளக்கை அணைக்கக்கூட வேண்டாம். வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி மேலே ஒரு மூடி போட்டாலே வானம் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், மின்சாரமும் மிச்சம்.

மாசி மகத்தன்று மட்டும் எண்ண வேண்டாம். அன்று மகம் நட்சத்திரத்தின் பக்கத்தில் முழு நிலா இருக்கும். கார்த்திகை அதன் வெளிச்சத்தில் மங்கிவிடும்.