பயங்கரவாதத் தடைச் சட்டமும் மாணவர் குரலும்: எமது நிலைப்பாடு

மொனராகலை, பதுளை மாவட்டத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் சென்றோரும் இன்று அங்கே படிப்போரும் சேர்ந்தது எமது அமைப்பு. பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நீதி அமைச்சு வெளியிட்ட, ‘பயங்கரவாதத்திலிருந்து அரசைப் பாதுகாக்கும்’ சட்ட வரைவு பற்றியும், மலையக மாணவர்கள் போராட்டங்களில் நிற்கலாமா என்று எமக்குள் எழுந்த கடும் வாதம் பற்றியும் இதை வெளியிடுகிறோம்.

எல்லோரும் உடன்பட்டதை முதலில் சொல்கிறோம். மாணவருக்கு அரசியல் கருத்து உண்டு. அதைப் பேசவும் எழுதவும் அமைதியாகக் கூடவும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பிரஜை ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. 1948இல் பறிக்கப்பட்ட பிரஜாவுரிமையை முழுமையாக மீட்க 2003 வரை காத்திருந்த சமூகம் இது. பிரஜை என்ற பெயரைத் தந்துவிட்டு வாயை மூடு என்று சொன்னால் ஏற்கமாட்டோம்.

‘படிக்கப் போன இடத்தில் படித்துவிட்டு வா’ என்று சொல்லும் பெற்றோரை நாம் குறைகூறவில்லை. ஒரு லயத்திலிருந்து ஒரு பிள்ளை வளாகத்துக்குப் போவது எத்தனை பேரின் உழைப்பு என்பது எமக்குத் தெரியும். ஆனால், அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் பிள்ளையின் பேச்சல்ல, பயங்கரவாதத் தடைச் சட்டம்.

1979இல் தற்காலிகம் என்று வந்து, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டம் அது. அதன் 16ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றில் சாட்சியமாகும். அது அச்சுறுத்திப் பெறப்பட்டது என்பதைக் கைதானவரே நிரூபிக்க வேண்டும். ஊவா மாகாணத்தில் இதற்கு என்ன பொருள்? கேள்வி சிங்களத்தில் வரும். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒருவர் மொழிபெயர்ப்பார். பதிலைச் சிங்களத்தில் எழுதுவார்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியில் விரலை வைத்து, ‘இங்கே ஒப்பம் போடு’ என்பார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலையில் உயர்தரம் வரை படித்தவர் தன் பெயரில் உள்ள அந்தத் தாளை வாசிக்க முடியாமலே கையெழுத்திடுவார். இது கற்பனை என்போர் மட்டக்களப்புத் தமிழ்த் தொழிலாளி ஒருவரின் வழக்கைப் படிக்கட்டும். 1993இல் கைதானவர் அவர். சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. அதை வைத்தே 1995இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டானது. அவருடைய உரிமை மீறப்பட்டது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை வைத்து அவர் கொடுத்த மனுவை 2006இல் எமது உயர் நீதிமன்றம் நிராகரித்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தியவர்கள் 16ஆம் பிரிவை அப்படியே விட்டுவைத்தார்கள். வெட்கமில்லையா என்று கேட்பதற்கு இந்த அறிக்கையில் இடம் வேண்டும் என உறுப்பினர் பலர் வற்புறுத்தினர். கேட்கிறோம்.

தடுத்து வைக்கப்பட்டவரின் உயிருக்கு இந்த மண்ணில் என்ன மதிப்பு என்பதையும் மறக்கவில்லை. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், பொலிஸார் நிற்கும்போதே, 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கூட்டமொன்று கொன்றது. 2003இல் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005க்குள் ஐவரும் விடுதலையானார்கள்.

2022 ஓகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி, ஐந்து மாதங்களுக்கு மேல் அடைக்கப்பட்டபோது தெற்கு கொதித்தது. அது நியாயமான கொதிப்பு. 2023 ஜனவரி 31 அன்று நீதிமன்றம் அவரை அக்குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. அதே கொதிப்பு தமிழ் இளைஞருக்காகவும் எழ வேண்டியிருந்தது என்பதை நட்புடன், ஆனால் அழுத்தமாகச் சொல்கிறோம். முதலிகே அப்போது வழிநடத்திய அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்துடன் இணைந்து செயற்படுவது பற்றிச் செயற்குழுவில் ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை; அவரவர் மனச்சாட்சிக்கு விடுகிறோம்.

புதிய வரைவுக்கு வருவோம். 2018, 2023 வரைவுகளைப் போலவே இதுவும், அரசை ஒன்றைச் செய்ய நிர்ப்பந்திப்பதைப் பயங்கரவாத நோக்கங்களில் ஒன்றாகச் சேர்க்கிறது. போராட்டம் என்பதே நிர்ப்பந்தம்தான். 2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டுக் கறுப்புடையில் காலிமுகத்திடலில் நின்ற மலையக இளைஞர்கள் வேறு எதைச் செய்தார்கள்? நல்ல அதிகாரி தவறாகப் பயன்படுத்தமாட்டார் என்ற உறுதிமொழி போதாது. இஸ்ரேலுக்கு எதிராக ஒட்டுத்தாள் ஒட்டியதற்காக 22 வயது இளைஞரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைத்தது 2025 மார்ச்சில், தேசிய மக்கள் சக்தி அரசின் காலத்தில்தான். தன் தோழர்களை 1987–89 காலத்தில் இப்படிப்பட்ட அதிகாரங்களுக்குப் பலிகொடுத்த கட்சி தலைமை தாங்கும் அரசு இது.

எனவே, பயங்கரவாதத் தடைச் சட்டம் மாற்றீடு எதுவும் இன்றி நீக்கப்பட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. அதுவரை, கைதாகும் எவரிடமும் அவருடைய மொழியிலேயே, சட்டத்தரணி முன்னிலையில், வாக்குமூலம் பதியப்பட வேண்டும். அமைதியாகப் போராடியதற்காக எந்த மாணவருக்கும் வகுப்புத்தடை விதிக்கக் கூடாது.

2024இல் தேசிய மக்கள் சக்தி இச்சட்டத்தை நீக்குவதாக வாக்களித்தது. பதுளையும் மொனராகலையும் அதை நம்பி வெற்றியைக் கொடுத்தன. ஊவாவிலிருந்து பாராளுமன்றம் சென்ற உறுப்பினர்களே, குறிப்பாகத் தோட்ட மக்களின் வாக்கால் சென்றவர்களே, இந்த வரைவு வாக்கெடுப்புக்கு வந்தால் எதிர்த்து வாக்களியுங்கள்.