மைக்கை அணைத்துவிட்டுப் பண்பு கேட்கிறார்கள்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் வரிசையாக ரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் ரத்தானவை ஆயிரத்துக்கும் மேல். விமானிகளின் பணிநேர விதி மாறப்போவது முன்கூட்டியே தெரிந்தும் ஆயத்தம் செய்யாத நிர்வாகம் எங்கோ இருந்தது. அடி வாங்கியவர்கள் கவுன்டரில் நின்ற சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கும் எதுவும் தெரியாது. எதிரே கத்திய பயணிக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அந்தக் காட்சிகளைக் கைபேசியில் பார்த்த கனவான்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நம் மக்களுக்கு விமான நிலையத்தில் நடந்துகொள்ளத் தெரியவில்லை. அதன் பிறகு எந்த கேட்டில் தகராறு நடந்தாலும் இதே தீர்ப்புதான்.

தண்டனைக்குக் குறைவில்லை. ஒரு எம்.பி. ஏர் இந்தியா ஊழியரைச் செருப்பால் அடித்ததை அடுத்து 2017இல் வந்த விதிப்படி, வாய்த்தகராறுக்கே 3 மாதம் வரை பறக்கத் தடை போடலாம். அடித்தால் 6 மாதம். கைநீட்டுகிறவரைத் தண்டிக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. ஆனால் நான்கு மணி நேரம் வாயே திறக்காத நிறுவனம் எத்தனை மாதம் பறக்கக் கூடாது?

விமான நிலையத்தில் பேச்சு என்பதே திட்டமிட்டுக் குறைக்கப்பட்டு வருகிறது. அதற்கு ‘அமைதி விமான நிலையம்’ என்று கௌரவமான பெயர். விமானம் தயார், கடைசி அழைப்பு என்கிற வழக்கமான அறிவிப்புகளை ஒலிபெருக்கியில் சொல்ல மாட்டார்கள். திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நுழைவாயிலிலோ டிஜியாத்ரா. 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கி, 2024இல் சென்னைக்கும் வந்துவிட்டது. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும், யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். மடிக்கணினியோடு அலைகிறவருக்கு இது சொர்க்கம். மன்னார்குடியிலிருந்து மஸ்கட் போகிறவருக்கு?

நம் அரசியல்வாதிகள் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. 2020 ஆகஸ்டில், ஆங்கிலத்திலோ தமிழிலோ பேசுங்கள் என்று கேட்டதற்கு, சென்னை விமான நிலையத்தில் திமுக எம்.பி. கனிமொழியிடம் ‘நீங்கள் இந்தியரா’ என்று சிஐஎஸ்எஃப் காவலர் ஒருவர் கேட்டார். 2023 டிசம்பரில் கோவாவில் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கும் இந்திப் பாடம் நடந்தது. இரண்டும் கண்டிக்க வேண்டியவைதான், கண்டித்தும் ஆயிற்று. 1999 விமானக் கடத்தலுக்குப் பிறகு, மாநிலப் போலீசிடமிருந்த பாதுகாப்பு 2000 முதல் சிஐஎஸ்எஃப் கைக்குப் போனது. எல்லா மாநிலத்தவரும் உள்ள படையில் இந்த உரசல் எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் தப்பான மொழியில் பேசினால் அறிக்கை விடுகிற கட்சிகள், எந்த மொழியிலும் பேசாதபோது ஏன் வாய் திறப்பதில்லை?

இதில் ஓர் அரசாணை வேடிக்கை இருக்கிறது. விமான நிலைய அறிவிப்புகள் முதலில் உள்ளூர் மொழியில், அடுத்து இந்தியில், பிறகு ஆங்கிலத்தில் வர வேண்டும் என்று 2018 டிசம்பரில் உத்தரவு வந்தது. கைதட்டினோம். அதன் கடைசியில் ஒரு விலக்கும் இருந்தது: அமைதி விமான நிலையங்களுக்கு இது பொருந்தாது. தமிழுக்கு முதலிடம், மைக்குக்கு விடுமுறை. இதைவிடச் செலவில்லாத மொழிப்பற்று இருக்க முடியாது.

திருச்சியைப் பாருங்கள். அங்கே உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாடு போகிறவர்களே அதிகம். 1,100 கோடி ரூபாயில் கோபுரச் சாயலோடு கட்டிய புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறக்கப்பட்டது. அந்த முனையத்தில் துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் வரிசையில் நிற்பவர்களில் இசிஆர் பாஸ்போர்ட்காரர்கள் எத்தனையோ பேர். பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு தனியாக அனுமதி தர வேண்டும்; அதற்கான அடையாளம்தான் இசிஆர். காரணம், இவர் படிக்காதவர், ஏஜென்ட் ஏமாற்றிவிடுவான் என்கிற அக்கறை. அக்கறை அந்த அலுவலகத்தோடு சரி. அதே மனிதர் முனையத்துக்குள் காலெடுத்து வைத்ததும், மின்னி மறையும் திரையில் தன் விமான எண்ணைத் தேடி, கேட் மாறியதைக் கவனித்து, புறப்பாட்டுக்கு 20, 25 நிமிடம் முன்பே மூடும் வாசலுக்குத் தானே போய்ச் சேர வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு நியாயம், கேட்டில் ஒரு நியாயம்.

இந்தப் பயணிகளுக்குப் பண்பில்லை என்பவர்கள் பழைய புறப்பாட்டு அட்டையை மறந்துவிட்டார்கள். 2017 ஜூலையில் அது ஒழியும்வரை, பேனா வைத்திருப்பவரைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் நிற்கும். “சார், கொஞ்சம் ஃபில்லப் பண்ணிக் குடுங்களேன்” என்று ஒருவர் பாஸ்போர்ட்டை நீட்டுவார். எழுதி முடிப்பதற்குள் பின்னால் இன்னும் மூன்று பாஸ்போர்ட் நீளும். பாஸ்போர்ட்டை முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கும் நம்பிக்கையும், தன் வரிசை போனாலும் நாலு பேருக்கு எழுதித் தரும் பொறுமையும் அங்கே இருந்தன. இன்றும் மூன்றாவது முறை போகிறவர்தான் முதல்முறை போகிறவருக்கு வழிகாட்டி. “அண்ணே, பெல்ட்டக் கழட்டிருங்க”, “சில்லறையத் தட்டுல போடுங்க” என்று சொல்லிக்கொடுப்பது ஊழியரல்ல, பக்கத்துப் பயணி. (தேநீர் 10 ரூபாய்க்கு விற்கும் உடான் யாத்ரி கஃபே 2025இல் சென்னைக்கு வந்தது. அந்த வரிசையில் மனிதர்கள் இன்னும் சத்தமாகப் பேசிக்கொள்கிறார்கள்.)

சத்தம் கூடினால் யாருக்கும் எதுவும் கேட்காது என்பார்கள் அதிகாரிகள். எக்மோரில் கேட்கிறது, கோயம்பேட்டில் கேட்கிறது, ஏசி போட்ட மண்டபத்தில் மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்? உண்மையில் மைக்கில் சொல்வதற்கு ஒரு பொறுப்பு உண்டு. ‘விமானம் மூன்று மணி நேரம் தாமதம்’ என்று ஊரறியச் சொன்னால், விதிப்படி தர வேண்டிய சாப்பாட்டை அத்தனை பேரும் ஒன்றாகக் கேட்பார்கள். திரையில் நேரத்தை மட்டும் மாற்றினால் விவரம் தெரிந்தவர்கள்தான் கேட்பார்கள். அமைதி என்பது நிறுவனங்களுக்குக் கிடைத்த கேடயம்.

2018 உத்தரவிலுள்ள அந்த விலக்கு வரியை நீக்க வேண்டும். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகும் ஒவ்வொரு விமானத்துக்கும் தமிழில் மூன்று முறை அழைப்பு, தாமதமானால் அரை மணிக்கு ஒருமுறை காரணத்தோடு அறிவிப்பு. இவ்வளவு செய்தால் கவுன்டர் சண்டைகளில் முக்கால்வாசி அன்றே ஓய்ந்துவிடும். லவுஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரைச்சலாக இருந்தால், லவுஞ்சுக்குள் மட்டும் ஒலிபெருக்கியை அணைத்துக்கொள்ளட்டும்.