கூடாரம் போட ஓர் இடம்

வடசென்னையின் பெரம்பூரில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் சர்க்கஸ் என்று பேச்செடுத்துப் பாருங்கள். சிங்கமும் புலியும் பிறகுதான் வரும். முதலில் வருவது வெளிச்சம். நகரில் எங்கோ கூடாரம் போட்டிருப்பார்கள். அங்கிருந்து கிளம்பும் சர்ச்லைட், இருட்டியதும் வானத்தைத் துழாவத் தொடங்கும். ரயில்வே குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியிலிருந்தும் தெரியும், மில் தொழிலாளர்களின் வரிசை வீட்டு வாசலிலிருந்தும் தெரியும். மறுநாள் ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவுக்குள் நுழைந்து கலர் நோட்டீஸ்களை வீசிவிட்டுப் போகும். பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். அன்று தொடங்கும் நச்சரிப்பு சம்பள நாள் வரை ஓயாது.

சம்பள நாள் என்பது பெரம்பூருக்கு முக்கியமான நாள். 1856-லேயே ரயில்வே பணிமனை வந்த ஊர் இது. 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு தொடங்கி வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். பக்கத்தில். அந்தப் பக்கம் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரண்டு பெரிய மில்கள். பி அண்டு சி என்றால்தான் ஊருக்குத் தெரியும். மாதம் பிறந்தால் கையில் காசு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, வீட்டில் நாலைந்து பிள்ளைகள். இப்படிப்பட்ட குடும்பத்தை நம்பித்தான் சர்க்கஸ் ஊர் ஊராகப் போனது. காலரி டிக்கெட் விலை, ஒரு நாளைக்கு மூன்று காட்சி என்ற கணக்கு எல்லாமே அந்தக் குடும்பத்தின் பையையும் நேரத்தையும் பார்த்துப் போட்டவை. மொழி தேவையில்லை, எழுத்தறிவு தேவையில்லை. மடியில் உட்கார்ந்த குழந்தையும் பாட்டியும் ஒரே நேரத்தில் வாயைப் பிளப்பார்கள்.

அந்தச் சர்க்கஸ் இன்று விரல் விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளாகச் சுருங்கிவிட்டது. மிருகங்களைத் தடை செய்தார்கள், சர்க்கஸ் செத்தது என்று ஒரு பேச்சு நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது பாதி உண்மைகூட இல்லை. சர்க்கஸைக் கொல்வது, கூடாரம் போட இடம் இல்லாததும், அதில் ஆடுகிறவரைக் கலைஞராக நாம் எண்ணாததும்தான்.

சர்க்கஸ் இந்த நாட்டுக்கு வந்த கதையைப் பார்த்தால், அது மிருகங்களை மட்டும் நம்பி வளர்ந்த தொழில் இல்லை என்பது புரியும். கியாரினி என்ற இத்தாலியரின் சர்க்கஸ் பம்பாய்க்கு வந்தபோது அதைப் பார்த்து உந்தப்பட்ட குதிரைப் பயிற்சியாளர் விஷ்ணுபந்த் சத்ரே, 1880 மார்ச் 20-ம் தேதி தன் ‘கிரேட் இந்தியன் சர்க்கஸ்’ காட்சியை நடத்தினார். அவர் குழுவோடு தலச்சேரிக்குப் போனபோது, கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற களரி ஆசானின் அறிமுகம் கிடைத்தது. திருப்புமுனை அதுதான். களரியில் தேறிய உடம்பைப் பாரிலும் கயிற்றிலும் ஊஞ்சலிலும் பழக்கினார் கீலேரி. 1901-ல் தலச்சேரி சிறக்கரையில் சர்க்கஸுக்கென்றே பள்ளி தொடங்கினார். அவரிடம் படித்த பரியாலி கண்ணன் 1904-ல் கிராண்ட் மலபார் சர்க்கஸை உருவாக்கினார். அதன்பின் நாடெங்கும் கூடாரங்களில் மலையாளக் குரல் கேட்கத் தொடங்கியது.

கீலேரியிடம் பயின்றவர்களில் ஒருவர் எம்.வி. சங்கரன். பட்டாளத்தில் சேர்ந்து, உலகப் போர் முடிந்து திரும்பி, பார் விளையாட்டிலும் ஊஞ்சலிலும் பெயர் வாங்கியவர். நொடித்துக் கிடந்த விஜயா சர்க்கஸை நண்பர் சகாதேவனோடு சேர்ந்து ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். தன் ராசியான மிதுனத்தின் ஆங்கிலப் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். 1951 ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தின் பிலிமோராவில் ஜெமினி சர்க்கஸின் முதல் காட்சி நடந்தது. ஜெமினி சங்கரன் 2023 ஏப்ரலில் கண்ணூரில் காலமானார். தலைவர்கள் பலர் இரங்கல் சொன்னார்கள். அவர் வளர்த்த தொழிலின் எதிர்காலம் பற்றி அப்போதுகூடப் பெரிய பேச்சு எழவில்லை.

தமிழர்களுக்கும் சர்க்கஸுக்கும் உள்ள உறவில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. எஸ்.எஸ். வாசன் 1948-ல் வெளியிட்ட ‘சந்திரலேகா’வுக்காகக் கமலா சர்க்கஸையும் பரசுராம் லயன் சர்க்கஸையும் அமர்த்திக்கொண்டார். முரசு நடனத்தையே எல்லாரும் பேசுகிறார்கள், டி.ஆர். ராஜகுமாரி சர்க்கஸ்காரியாக வரும் பகுதிகளும் அதே அளவு பாடுபட்டு எடுக்கப்பட்டவை. 1966-ல் எம்.ஜி.ஆரின் ‘பறக்கும் பாவை’ சர்க்கஸைக் களமாகக் கொண்டது. 1989-ல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தின் அப்பு, கோமாளி வேஷத்துக்குள்ளும் காதலும் மானமும் கோபமும் உள்ள ஒரு மனிதன் இருக்கிறான் என்று தமிழ்நாட்டின் கடைக்கோடி வரை கொண்டுபோய்ச் சேர்த்தான். திரையில் அப்புவுக்காக அழுதவர்கள், நிஜக் கூடாரத்தில் அதே வேஷத்தில் நிற்பவருக்கு வயதான பின் என்ன வழி என்று கேட்டதில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஊஞ்சல் விளையாட்டில் கைதட்டல் முழுவதும் பறப்பவருக்குப் போகும். ஆட்டத்தைத் தாங்குபவர் எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கும் பிடிப்பாளர். முழங்காலை மடக்கிப் போட்டு, கால்களைக் கயிற்றில் சுற்றிக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டி அவர் காத்திருப்பார். உள்ளங்கையை நம்ப மாட்டார்கள், வியர்வையில் வழுக்கும். கையில் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு, ஒருவர் மணிக்கட்டை மற்றவர் இறுக்குவதுதான் பிடி. இரண்டு ஊஞ்சல்களும் சேரும் கணம் கண்ணிமைக்கும் நேரம்கூட இராது. தவறினால் கீழே வலை இருக்கிறதே என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். வலையிலும் காலை ஊன்றி விழுந்தால் எலும்பு முறியும். காற்றிலேயே உடம்பைத் திருப்பி முதுகால் விழப் பழக வேண்டும். இந்தத் தேர்ச்சிக்குப் பல வருட உழைப்பு வேண்டும். அது கையில் இருக்கும் காலமோ மிகக் குறைவு.

இனி மிருகங்கள். மத்திய அரசு 1998 அக்டோபரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது: கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வேடிக்கை காட்டப் பழக்கக் கூடாது. சர்க்கஸ் முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2000-ல் கேரள உயர் நீதிமன்றமும் 2001 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அறிவிக்கை செல்லும் என்றன. கூண்டுகளிலிருந்து மீட்ட சிங்கங்களுக்கும் புலிகளுக்கும் வண்டலூர் உட்படச் சில இடங்களில் மீட்பு மையங்கள் அமைந்தன. நகர முடியாத கூண்டில் அடைத்து ஊர் ஊராக இழுத்துப் போய், சாட்டைக்குப் பயந்து ஸ்டூல் மேல் உட்கார வைத்ததைப் பார்த்து நாம் கைதட்டியிருக்கிறோம். அது போக வேண்டியதுதான். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வதில் நியாயம் எதுவும் இல்லை.

பிள்ளைகள் விஷயம் இன்னும் கொடியது. நேபாளத்திலிருந்தும் ஏழ்மையான மாநிலங்களிலிருந்தும் சிறுமிகளை ஒப்பந்தம் என்ற பேரில் கூட்டி வந்து கூடாரத்தில் அடைத்து வைத்த கதைகள் வெளியே வந்தன. 2004-ல் உத்தரப் பிரதேசத்தின் கோண்டாவில் அப்படிப்பட்ட சிறுமிகளை மீட்கப் போன குழந்தை உரிமைப் போராளி கைலாஷ் சத்யார்த்தி அடித்து நொறுக்கப்பட்டார். அவருடைய அமைப்பு தொடுத்த வழக்கில், சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்யும்படி 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கோடிக் கும்பிடு போட வேண்டிய தீர்ப்பு.

இந்த இரண்டும் நல்லவை என்றால், அவற்றுக்குப் பின் சர்க்கஸ் எதை வைத்துப் பிழைக்கும் என்பதையும் சேர்த்தே யோசித்திருக்க வேண்டும். யாரும் யோசிக்கவில்லை. தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. சர்க்கஸ் மிருகங்களை முடக்கிய அந்தப் பட்டியலில்தான் 2011 ஜூலையில் காளையைச் சேர்த்தார்கள். 2014-ல் ஜல்லிக்கட்டு நின்றதற்கு வேர் அதுவே. 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது, சட்டம் வந்தது. சர்க்கஸ்காரருக்கு ஊரும் இல்லை, சாதிசனமும் இல்லை, ஒரே இடத்தில் குவிந்த ஓட்டும் இல்லை. அவருக்காக எந்தக் கடற்கரையும் நிரம்பவில்லை. சிங்கம் வேண்டும் என்று யாரும் திரண்டிருக்க வேண்டியதில்லை. சிங்கம் போன பின் அந்த மனிதர்களுக்கு மாற்று வழி என்ன என்று கேட்கவாவது ஆள் இருந்திருக்கலாம்.

மிருகம் இல்லாமல் சர்க்கஸ் நடக்குமா என்ற சந்தேகத்துக்கு உலகம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1984-ல் கனடாவின் கியூபெக்கில் தொடங்கிய சர்க் டு சோலே, மனித உடம்பையும் இசையையும் ஒளியையும் மட்டும் வைத்தே உலகத்தை வலம் வந்தது. 2018-ல் மும்பைக்கும் வந்து கூடாரம் போட்டது. அமெரிக்காவின் ரிங்லிங் பிரதர்ஸ் 146 வருடம் ஓடி 2017-ல் மூடியது. 2023-ல் மிருகங்கள் இல்லாமல் மீண்டும் திறந்தது. நம்மூர்க் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. எத்தியோப்பியா, தான்சானியா நாடுகளிலிருந்து கலைஞர்களை வரவழைத்துக் காட்சியைப் புதுப்பித்தார்கள். ஆனால் அந்தக் காட்சியை எங்கே போடுவது?

பெரம்பூரையே பார்ப்போம். பி அண்டு சி மில் 1996-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. அந்தப் பெரிய நிலத்தில் இன்று மாடிக் குடியிருப்புகளும் வணிகக் கட்டடங்களும் எழுந்திருக்கின்றன. சர்க்கஸுக்குக் காசு கொடுத்த தொழிலாளர் குடும்பமும் கலைந்தது, நகரின் மிச்சத் திறந்தவெளியும் விலை ஏறிப் போனது. கூடாரம், காலரி, தங்கும் டென்ட், சமையல் கொட்டகை, லாரிகள் என்று வைத்தால் சில ஏக்கர் நிலமாவது வேண்டும். அதுவும் ஒரு மாதத்துக்கு. அப்படி ஓர் இடம் கிடைத்தாலும் கண்காட்சிக்காரர்களோடும் கல்யாண மேடைக்காரர்களோடும் வாடகையில் போட்டி போட வேண்டும். பிறகு மாநகராட்சி, காவல் துறை, தீயணைப்பு, மின்வாரியம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். அனுமதி தாமதமாகும் ஒவ்வொரு நாளும் நூறு பேருக்குச் சோறு போட்டாக வேண்டும்.

விதிகளைத் தளர்த்தச் சொல்லவில்லை. 1981 பிப்ரவரியில் பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்து 90-க்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதை நினைத்தால் தீயணைப்புத் துறையின் ஒரு நிபந்தனையைக்கூடக் குறைக்க மனம் வராது. நிபந்தனை அத்தனையையும் ஒரே மேஜையில், முன்கூட்டியே முடித்துக் கொடுக்கலாம் என்பதே கோரிக்கை.

அரசுக்கு இதில் மனமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018 முதல், 500 ரூபாய் வரையிலான சர்க்கஸ் டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. இது சாதாரண ஜனங்களின் கேளிக்கை என்று அரசே ஒத்துக்கொண்டதன் அடையாளம் அது. கேரளம் ஓய்வுபெற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்கு ஓய்வூதியம் தருகிறது. 2010-ல் தலச்சேரியில் சர்க்கஸ் அகாடமியும் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது முடங்கிப்போனது வருத்தம்தான், முயற்சியாவது நடந்தது. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. தெருவில் கம்பி மேல் நடக்கும் கழைக்கூத்தாடியையும் கூடாரத்துக்குள் கம்பி மேல் நடக்கும் சர்க்கஸ்காரரையும் ஒரே கண்ணால் பார்த்து, இங்கே வாழும் சர்க்கஸ் கலைஞர் அத்தனை பேருக்கும் அதன் உதவி போய்ச் சேரச் செய்ய வேண்டும். விழுப்புரத்தில் மல்லர் கம்பம் ஏறும் பிள்ளைகளும், விளையாட்டு விடுதிகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுபவர்களும் படிப்பை முடித்து 18 வயதைத் தாண்டிய பின் சம்பளம், காப்பீடு, ஒப்பந்தத்தோடு சேரக்கூடிய ஒரு வேலையாகச் சர்க்கஸை மாற்ற முடியும்.

2020-ல் ஊரடங்கு வந்தபோது, நூற்றாண்டு கண்ட கிரேட் பாம்பே சர்க்கஸ் மன்னார்குடியில் மாட்டிக்கொண்டது. காட்சி இல்லை, வருமானம் இல்லை, ஊருக்குப் போக வண்டியும் இல்லை. கலைஞர்கள் கூடாரத்திலேயே கிடந்து, அக்கம்பக்கத்தார் கொடுத்த அரிசி பருப்பில் நாளை ஓட்டினார்கள். கொடுத்தவர்கள் சாதாரண ஊர்க்காரர்கள். ஜனங்களுக்குச் சர்க்கஸ் மேல் பாசம் போய்விட்டது என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கஸுக்கு இடம் தர வடசென்னை ஒரு தொடக்கம் செய்யலாம். குத்துச்சண்டையும் கேரமும் கால்பந்தும் தெருவுக்குத் தெரு விளையும் பகுதி இது; உடம்பின் வித்தையை மதிக்கத் தெரிந்த ஜனங்கள். பெரம்பூரைச் சுற்றி ரயில்வேக்குத் திடல்கள் உண்டு; மாநகராட்சிக்கும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு திடலை நான்கு வாரத்துக்கு, கண்காட்சிக்கு வாங்கும் வாடகையில் ஒரு பங்கு மட்டும் வாங்கிக்கொண்டு சர்க்கஸுக்கு ஒதுக்கலாம். அங்கே தினம் பந்தடிக்கும் பையன்களுக்கு அந்த நான்கு வாரமும் வேறு இடம் தந்தாக வேண்டும். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் காட்சி ஒன்றை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். கம்பெனிகள் அடுத்த முகாமை மாதக்கணக்கில் முன்னதாக முடிவு செய்பவை. எனவே டிசம்பரிலேயே விண்ணப்பம் வாங்கி, பொங்கல் முடிந்ததும் இடத்தையும் தேதியையும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.