பம்பர் நிமிர்ந்துவிடும், உள்ளே நசுங்கியது நிமிராது: கேமரன் மலையில் 'சின்ன' மோதல்களின் பெரிய கணக்கு

கேமரன் மலை - பள்ளி விடுமுறையோ நீண்ட வார இறுதியோ வந்துவிட்டால் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் வழியாகக் கம்போங் ராஜா வரை கார்கள் ஊர்ந்துதான் நகர்கின்றன. ஸ்ட்ராபெரிப் பண்ணை, காய்கறிச் சந்தை, தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் முனை என எங்கே முன்கார் நின்றாலும், பின்னால் வருபவர் சட்டென்று பிரேக்கை மிதிக்க வேண்டும். மூடுபனியும் மழை ஈரமும் சேர்ந்தால் 'டப்' என்று ஒரு சத்தம். இருவரும் இறங்கிப் பார்க்கிறார்கள். பம்பரில் ஒரு கீறல். "பெரிசா ஒண்ணும் இல்லண்ணே, இங்கேயே பேசி முடிச்சிக்குவோம்" என்று 100, 200 வெள்ளி கைமாறுகிறது.

பல தோட்டக் குடும்பங்களுக்கு நட்டம் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

கண்ணுக்குத் தெரியும் பம்பர் வெறும் பிளாஸ்டிக் உறை. அதன் பின்னால் அடியைத் தாங்கும் நுரைக்கட்டையும், அதையும் தாண்டி ஓர் இரும்புச் சட்டமும் இருக்கின்றன. மெதுவாக மோதும்போது பிளாஸ்டிக் உள்ளே போய்த் திரும்பிப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். நுரைக்கட்டை உடைந்தாலும் சட்டம் வளைந்தாலும் வெளியே தெரியாது. அடுத்த முறை அடி விழுந்தால் தாங்குவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகம் 2007-இல் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் கார்களை மோதவிட்டுச் சோதித்தது. நெரிசலில் ஊரும் வேகம்தான் அது. அதற்கே சில கார்களின் பழுதுச் செலவு ஆயிரக்கணக்கான டாலரைத் தொட்டது. நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளக்காரர் 200 வெள்ளியை வாங்கிக்கொண்டு மீதிச் செலவைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

மலைச் சாலையில் இது பணக் கணக்கு மட்டுமல்ல. பின்விளக்கின் ரப்பர் விலகினால் மழைநீர் பூட்டுக்குள் இறங்கி, ஸ்பேர் டயர் குழியில் தேங்கித் துருப்பிடிக்கும். பிரேக் விளக்கின் வயர் அறுந்தால் மூடுபனியில் பின்னால் வருபவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. புகைக்குழாய் இணைப்பு விட்டுப்போனால், குளிருக்குக் கண்ணாடியை ஏற்றி ஓட்டும்போது நச்சுப் புகை உள்ளே வரலாம். இடித்த காருக்கும் ஆபத்து உண்டு. ரேடியேட்டரில் விழுந்த சிறு கசிவு சமதரையில் தெரியாமல் இருந்து, தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும்போது எஞ்சினைக் கொதிக்க வைத்துவிடும்.

ஆகவே, பணம் பேசுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பூட் கதவு லேசாகத் திறந்து மூடுகிறதா, இரு பக்க இடைவெளியும் ஒரே அளவா என்று பார்க்க வேண்டும். பூட்டின் விரிப்பைத் தூக்கி, ஸ்பேர் டயரை எடுத்துவிட்டு, தகரத்தில் மடிப்போ பெயின்ட் வெடிப்போ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். எல்லாப் பின்விளக்குகளையும் எரியவிட வேண்டும். காருக்கு அடியில் எதுவும் ஒழுகுகிறதா, புகைக்குழாய் தொங்குகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தாலோ பட்டறையில் தூக்கிப் பார்ப்பதே சரி. பம்பரைக் கழற்றாமல் "ஒண்ணும் இல்லை" என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கழுத்து வலிகூட மறுநாள்தான் தலைகாட்டும்.

பலர் போலீஸ் நிலையம் போகத் தயங்குகிறார்கள். ஆனால் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். பின்னால் வந்து மோதினால் சம்மன் பொதுவாக மோதியவருக்குத்தான். புகார் இல்லையென்றால் பின்னாளில் வெளிப்படும் பழுதுக்கு இழப்பீடு கேட்பது மிகக் கடினம். இரு கார்களின் எண், சாலை, சேதம் எல்லாம் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதும் அவசியம்.

இன்னொரு பயம், என்சிடி சலுகை போய்விடுமோ என்பது. ஐந்து ஆண்டுகள் கிளைம் செய்யாமல் சேர்த்த 55 விழுக்காட்டை யாரும் இழக்க விரும்ப மாட்டார்கள். ஆனால் தவறு எதிராளியுடையது என்றால் அதை இழக்க வேண்டியதில்லை. இரண்டும் முழுக் காப்புறுதி கொண்ட தனியார் கார்கள் என்றால், 'நாக் ஃபார் நாக்' முறையில் சொந்தக் காப்புறுதி நிறுவனத்திடமே கேட்கலாம். என்சிடி அப்படியே இருக்கும். இடித்தது காய்கறி லாரி என்றால் பொதுவாக இந்த வழி பொருந்தாது. அப்போது லாரியின் காப்புறுதி நிறுவனத்திடம் மூன்றாம் தரப்பு இழப்பீடு கோர வேண்டும். பழைய காருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவருக்கும் இந்த உரிமை உண்டு. கார் பட்டறையில் கிடக்கும் நாட்களுக்கும் சேர்த்துக் கேட்கலாம். பழுதுபார்க்கத் தொடங்குவதற்கு முன் மதிப்பீட்டாளர் காரைப் பார்த்தாக வேண்டும் என்பது முக்கியம்.

தோட்டத்தில் ஒரு கார் என்பது ஆடம்பரம் அல்ல. பிள்ளை பள்ளிக்குப் போவதும், அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டு போவதும், ஈப்போவில் நடக்கும் கல்யாணத்துக்குக் குடும்பமாய் இறங்குவதும் அதில்தான். வங்கித் தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் காருக்குச் சாலையோரத்தில் ஐந்து நிமிடத்தில் விலை பேசிவிடக் கூடாது. இடித்தவர் நல்லவராகவே இருக்கலாம். அவரிடம் கோபப்படவும் தேவையில்லை. "பட்டறையில பார்த்துட்டுப் பேசலாம், இப்ப ரெண்டு பேரும் ஒரு புகார் கொடுத்திடுவோம்" என்று சொன்னால் போதும்.