ஜெல்லுக்குள் வளர்ந்த சான்று

அல்சைமர் நோயாளியின் மூளையில் இரண்டு தடயங்கள் தெரியும்: நரம்பு செல்களுக்கு வெளியே அமிலாய்டு படிவு, உள்ளே டௌ புரதச் சிக்கல். அமிலாய்டு மரபணு மாற்றம் புகுத்திய எலிகளில் படிவு வந்தது, சிக்கல் வரவில்லை. 2014-இல் பாஸ்டனில் டூ இயான் கிம், ருடால்ப் டான்சி குழுவினர் அந்த மாற்றங்கள் புகுத்திய மனித நரம்பு செல்களைத் தட்டில் பரப்பாமல் ஜெல்லுக்குள் வளர்த்தார்கள். சுரந்த அமிலாய்டு கரைந்தோடாமல் அங்கேயே தங்கியது. சில வாரங்களில் படிவு, சிக்கல் இரண்டுமே தோன்றின.

ஜெல்லில் வளர்ந்தது மூளையாகுமா என்று கேட்கலாம். ஆகாது, அதில் ரத்தக்குழாய் இல்லை, 70 ஆண்டு முதுமையும் இல்லை. ஆனால் அமிலாய்டு உற்பத்தியைத் தடுத்தால் டௌ சிக்கலும் குறைகிறது என்பதை மனித செல்லிலேயே காட்டியது அதுதான். எலியில் பலித்த எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் தோற்றுவிட்டன. இனியாவது, நோயாளியின் உடலில் ஏறுமுன் ஒவ்வொரு மருந்தும் மனித செல்களைக் கடந்து வரட்டும். அதற்கான நிதியை அரசுகள் ஒதுக்க வேண்டும்.